இஞ்சின் அறை டோருன் நடத்திய சடங்குகள்

ஹெல்லவோக் ஊரில் டோருனைப் பிடிக்காதவர்கள்கூட ஒன்றை மறுக்க மாட்டார்கள்: அவள் கைபட்ட இஞ்சின் நடுக்கடலில் மக்கர் பண்ணாது. மலையிடுக்கில் கடல் புகுந்த ஃபியோர்டின் இரு கரைகளுக்கும் நடுவே ஓடிய ஃபெர்ரியில், இஞ்சின் அறைக்குள் இறங்கி வேலை பார்த்த முதல் பெண் அவள். குட்டையான உருவம், அகன்ற தோள், எத்தனை தேய்த்தாலும் எண்ணெய்க் கறை போகாத நகங்கள். மனசில் இருப்பதற்கும் வாயில் வருவதற்கும் நடுவே அவளிடம் கதவே கிடையாது என்பார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு பெரிய பொய் சொல்லியிருந்தாள். அதுவும் தேவாலயத்தில், போதகர் முன்னால், ஊரே பார்க்க.

அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. அந்த வயது வந்துவிட்டால் ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் திடப்படுத்தல் நடக்கும். குளிர்காலம் முழுக்கப் பாடம் படித்து, மே மாதத்தில் வரிசையாகப் பலிபீடத்தின் முன் நிற்க வேண்டும். விசுவாசிக்கிறாயா என்று போதகர் கேட்பார். ஆமாம் என்றால் அன்று முதல் பெரியவர்களோடு சேர்த்தி. வீட்டில் கிரீம் கேக் காத்திருக்கும், வெள்ளிப் பொத்தான் வைத்த, பரம்பரையாக வரும் ஊர் உடை கிடைக்கும், தாய்மாமன் கைக்கடிகாரம் வாங்கித் தருவார். டோருன் விசுவாசிக்கவில்லை. ஆனாலும் ஆமாம் என்றாள். அந்த ஒரு சொல் மீன்முள்ளாகத் தொண்டையில் தங்கிவிட்டது.

அவளுக்கு அடுத்து நின்று அதே சொல்லைச் சொன்னவன் சிக்முண்ட். இருவரும் ஒரே வகுப்பு. அவன் மனமாரச் சொன்னான். பின்னாளில், தேவாலயத்துக்கு வெளியே விசுவாசிகள் கூடிப் பாடி ஜெபிக்கும் ஊர் ஜெபவீட்டுக்குத் தலைவனாகவும் ஆனான். நல்ல தச்சன், நல்ல குரல், கோபம் வந்தால் காது சிவக்கும்.

எண்பதுகளின் கடைசியில் டோருனின் மகள் மார்த்தேவுக்கு அந்த வயது வந்தது. ஒரு மாலை, அடுக்களை மேசையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அவள் கேட்டாள்.

“அம்மா, நீ அன்னிக்கு ‘ஆமா’ன்னு சொன்னப்ப நெசமாவே நம்பினியா?”

டோருனின் கத்தி நின்றது. “இல்ல.”

“அப்புறம் ஏன் சொன்ன?”

“எல்லாரும் சொன்னாங்க. கேக்கும் இருந்துச்சு.”

“நான் சொல்ல மாட்டேன்மா. கேக்கு மட்டும் சாப்பிட்டுக்கிறேன்.”

டோருன் சிரித்துவிட்டாள். ஆனால் அன்று சாப்பாடு இறங்கவில்லை. மகளுக்கு எவ்வளவு எளிதாக வருகிறது! தனக்கு மட்டும் ஏன் இத்தனை வருஷம்? மீன்பிடிக் கப்பலில் வடக்கே போயிருந்த கணவன் ஸ்வேர்ரே தொலைபேசியில் கூப்பிட்டபோது விஷயத்தைச் சொல்லி, மகளுக்கு மதம் சாராத விழா நடத்தட்டுமா என்று கேட்டாள். “நீ முடிவு பண்ணிட்டுத்தான் எங்கிட்ட கேக்குற. பண்ணு. ஆனா எங்கம்மாகிட்ட நீயே சொல்லிக்க,” என்றான் அவன்.

மதம் சாராத திடப்படுத்தல் அந்த நாட்டுக்குப் புதிதல்ல. பட்டணங்களில் மனிதநேயச் சங்கத்தார் பல வருஷமாக நடத்திவந்தார்கள். பிள்ளைகள் குளிர்காலம் முழுக்கக் கூடி, எது சரி, எது தப்பு, அடுத்தவனிடம் எனக்கென்ன கடமை என்று பேசிப் பழகுவார்கள். வசந்தம் வந்ததும் ஊர் முன்னிலையில் விழா. ஆனால் ஹெல்லவோக்கில் யாரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. டோருன் சங்கத்தாரிடம் தொலைபேசியில் பேசினாள். ஆள் அனுப்ப முடியாது, நீங்களே நடத்துங்கள், பாடம் எப்படி எடுப்பது என்று வேண்டுமானால் சொல்லித் தருகிறோம் என்றார்கள்.

முதலில் அவள் போதகரிடம் போனாள். பிறந்தபோதே சேர்க்கப்பட்ட சபையிலிருந்து பெயரை எடுக்க வேண்டுமே. போதகர் வயதானவர், மென்மையானவர். “எங்க கதவு பூட்டுறதில்ல டோருன். எப்ப வேணும்னாலும் வா,” என்றார்.

“கதவு மேல ஒரு குறையும் இல்ல போதகரே. நான் உள்ள இருந்ததே இல்ல, அதான் விஷயம்.”

அவர் காபி ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தாள். அந்தப் பக்கம் அவ்வளவோடு முடிந்தது. மல்லுக்கு நின்றது சிக்முண்ட்தான். ஊர் மண்டபத்துக் குழுவுக்கும் அவன்தான் தலைவன். கூட்டுறவுக் கடையில், பாலும் ரொட்டியுமாக வரிசையில் நின்றவனிடம் அவள் மண்டபம் கேட்டாள்.

“அன்னிக்கு மண்டபம் காலி இல்ல,” என்றான்.

“என்னிக்குன்னு நான் இன்னும் சொல்லவே இல்லியே சிக்முண்ட்.”

கல்லாவில் இருந்த பெண் இருமுவது போல் சிரித்தாள். சிக்முண்டின் காது சிவந்தது.

“சாமி இல்லாத திடப்படுத்தலா? மீன் போடாத மீன்சூப்பு மாதிரி இருக்கு.”

“குடிக்கிறவங்களுக்குப் பிடிச்சா உனக்கென்ன?”

“என் பக்கத்துல நின்னு நீயும்தான் ‘ஆமா’ன்ன. இந்தக் காதால கேட்டேன்.”

“பொய் சொன்னேன். அதத்தான் இப்ப சரி பண்ணிக்கிறேன். நீ சொன்னது உண்மை, அது எனக்குத் தெரியும், அதுல எனக்கு மரியாதையும் உண்டு. எம்பொண்ணு ‘மாட்டேன்’னு சொல்றதும் உண்மை. நீயும் அதுக்குக் கொஞ்சம் மரியாதை குடேன்.”

அவன் பாலை எடுத்துக்கொண்டு போனான். மண்டபம் கிடைக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்து மரவேலை அறையில் மார்த்தேவும் இன்னும் நாலைந்து பிள்ளைகளும் கூடினார்கள். டோருனுக்குப் பிரசங்கம் செய்ய வராது. அவள் கேள்வியைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். புயலில் இரண்டு படகு தத்தளிக்குது, உன்னிடம் ஒரு படகுதான் இருக்கு. ஒன்றில் உன் அண்ணன், மற்றதில் முன்பின் தெரியாத ஏழு பேர். என்ன செய்வே? பிள்ளைகள் கத்தினார்கள், அழுதார்கள், ஒருவரோடொருவர் பேசாமல் போனார்கள், மறுவாரம் திரும்பி வந்தார்கள். அக்கரையிலிருந்த பழைய விடுதியில் அப்போது வேற்று நாடுகளிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்களைக் குடிவைத்திருந்தார்கள். டோருன் பிள்ளைகளை ஃபெர்ரியில் ஏற்றி அங்கே கூட்டிப்போனாள். பேசிக் கிழித்தது போதும், போய் வெங்காயம் நறுக்குங்கள் என்று அடுக்களையில் விட்டாள்.

விழா நடத்த இடத்துக்கு வழி சொன்னவர் ஃபெர்ரியின் கேப்டன் ஆர்ன்ஸ்டெய்ன். “ஞாயித்துக்கெழம மத்தியானம் வரைக்கும் கப்பல் இங்கதான் கட்டிக் கெடக்கும். கார் நிறுத்துற தளத்துல யாரு நிக்கிறாங்க, எதுக்கு நிக்கிறாங்கன்னு எட்டிப் பாக்க என் கழுத்து அவ்ளோ நீளமில்ல,” என்றார்.

மே மாத ஞாயிறு. தளத்தைக் கழுவித் துடைத்து, கம்பிகளில் புதுத் தளிர் விட்ட பிர்ச் மரக் கிளைகளைக் கட்டியிருந்தார்கள். டீசல் வாசனை மட்டும் போகவில்லை. மார்த்தே ஊர் உடையில் நின்று பேசினாள். “இனிமே நான் பண்ற தப்புக்கு நான்தான் பொறுப்பு. வேற யார் தலையிலயும் கட்ட முடியாது. மேல இருக்கவர் தலையிலயும் முடியாது. நெனச்சா பயமாத்தான் இருக்கு. ஆனா அப்படித்தான் இருக்கணும்னு தோணுது.”

பேச்சுகள் நீண்டன. ஃபெர்ரி கிளம்பும் நேரம் தாண்டியது. கரையில் கார்கள் வரிசை கட்டின. முதல் கார் சிக்முண்டுடையது, மார்த்தே பேசும்போதே வந்து நின்றது; குடும்பத்தோடு அக்கரை ஜெபக்கூட்டத்துக்குப் போகிறான். ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினான். டோருன் சரிவுப் பலகையில் வந்து நின்றாள்.

“அஞ்சு நிமிஷம் பொறு சிக்முண்ட்! மோட்சம் எங்கயும் ஓடிடாது!”

பின்னால் நின்ற கார்களில் சிரிப்பு எழுந்தது. பிள்ளைகள் காத்திருந்தவர்களுக்கெல்லாம் காபியும் கேக்கும் கொண்டுபோய்க் கார் ஜன்னலில் நீட்டினார்கள். சிக்முண்ட் மறுபடியும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். அவன் மனைவி மறுபக்கத்துக் கண்ணாடியை இறக்கி ஒரு துண்டு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் இன்னும் பிள்ளைகள் வந்தார்கள். சில வருஷத்தில் மண்டபமும் திறந்தது. குழு மாறியது, காலமும் மாறியது. பிறகு குழந்தைக்குப் பெயர் வைக்க வாருங்கள் என்று ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். கல்யாணம் ஒன்று வந்தது. கடைசியில் சாவும் வந்தது: தனியாக வாழ்ந்த ஒரு முன்னாள் மாலுமி, எனக்குப் போதகர் வேண்டாம், டோருன் நாலு வார்த்தை பேசட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இஞ்சின் அறையில் ஷிப்ட் முடித்து, கை கழுவி, கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு போய்ப் பேசினாள். அதற்குப் பிறகு ஊரில் மதம் சாராத சடங்கென்றால் அவள்தான்.

சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் ஆட்கள் சேரச் சேர ஒரு தொல்லையும் சேர்ந்தது. சிலருக்கு விசுவாசிகளைக் கிண்டலடிப்பதே பொழுதுபோக்கு. ஒரு கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஜெபவீட்டுப் பெண்கள் பாடுவதைப் போல் மூக்கால் பாடிக்காட்ட, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டோருன் மேசையைத் தட்டினாள்.

“கடவுள் இல்லன்னு சொல்ல எனக்கு அர நிமிஷம் போதும். சொல்லிட்டேன். மிச்ச நாளெல்லாம் என்ன பண்ணப்போறோம்? அந்தப் பொம்பளைங்க போன வாரம் படுத்த படுக்கையா கெடக்குற மூணு பேருக்கு சமைச்சுக் கொண்டுபோனாங்க. நாம எத்தன வீட்டுக் கதவத் தட்டினோம்?”

 அன்றிலிருந்து கிளையின் வேலையே மாறிப்போனது. தேவாலயத்தை விட்டு வெளியே வந்தவர்களுக்கும் காய்ச்சல் வரும், பனி வாசலை மூடும், பேச்சுத் துணை வேண்டும். முறை போட்டுக்கொண்டு போனார்கள். மூக்கால் பாடிய ஆசிரியர்தான் பனி வாருவதில் கெட்டிக்காரர் என்று தெரியவந்தது.

டோருன் பணி ஓய்வு பெற்று, ஸ்வேர்ரே இறந்து, மார்த்தே பெர்கன் பட்டணத்தில் மருத்துவச்சியாகிப் பல காலம் ஆன பின்னால், ஒரு நாள் தெர்யே அவளைக் கூப்பிட்டனுப்பினான்.

தெர்யே சிக்முண்டின் ஒரே மகன். மீன்பண்ணையில் வேலை. அப்பாவோடு சண்டை போட்டதில்லை. வாலிபத்தில் ஜெபவீட்டுக்குப் போவதை மெல்ல நிறுத்திக்கொண்டவன், அவ்வளவுதான். அப்பாவும் மகனும் படகைப் பற்றியும் வானிலையைப் பற்றியும் மட்டும் பேசிக்கொண்டார்கள். இப்போது குணமாகாத நோய். ஐம்பதுகூட ஆகவில்லை. ஜன்னலோரம் கட்டிலில் மெலிந்து கிடந்தான். மனைவி ஹேகே காபி வைத்துவிட்டு அவன் காலடியில் உட்கார்ந்தாள்.

“நீங்கதான் பேசணும் டோருன்,” என்றான். “அந்த ஃபெர்ரி ஞாபகம் இருக்கா? நான் பின்சீட்டுல இருந்தேன். பேச்சு ஆரம்பிச்சதும் அப்பா முன்னாடி கண்ணாடிய ஏத்தினாரு, நான் பின்னாடி மெதுவா எறக்கிட்டேன். மார்த்தே சொன்னது பூரா கேட்டுது. அன்னைலேருந்து நான் உங்க ஆளுதான். சொல்லத்தான் தைரியம் வரல.”

“இப்ப சொல்லிட்டியே.”

“ஞானப்பாட்டு வேணாம். ஒண்ணுகூட வேணாம். அப்பா கேப்பாரு. அவர் பாட ஆரம்பிச்சா எல்லாரும் நான் அவர் ஆளாவே போனேன்னு நெனப்பாங்க. நான் யாரா இருந்தேனோ அப்படியே என்ன அனுப்புங்க.”

டோருன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வாக்குக் கொடுத்தாள்.

மூன்றாம் வாரம் அவன் போய்விட்டான். மறுநாள் பகலில் டோருன் தன் படகுக்கொட்டகையில் மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். துக்கம் வந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. சிக்முண்ட் வாசலில் வந்து நின்றான். கூன் விழுந்திருந்தது. தொப்பியைக் கையில் பிடித்திருந்தான்.

“ஒரே ஒரு பாட்டு,” என்றான். “அவன் தொட்டில்ல கெடந்தப்ப பாடினது. அத மட்டும் பாட விடு.”

“முடியாது சிக்முண்ட்.”

“நான் அவனப் பெத்தவன்!”

“தெரியும். அவன் எங்கிட்ட வாக்கு வாங்கிட்டுப் போனான். செத்தவன் எழுந்து வந்து கேக்க மாட்டான்னு நான் அத மீற முடியுமா? நீயா இருந்தா மீறுவியா?”

சிக்முண்டின் காது சிவந்தது. “அந்த ஃபெர்ரியோடவே எம்பையன நீ திருடிட்டே.”

அந்தச் சொல் டோருனை அறைந்தது. கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள். வாயில் வந்த பதில் நாலைந்து உண்டு, ஒவ்வொன்றும் கூர்மையானது. அவனுடைய கூன் விழுந்த முதுகைப் பார்த்தாள்.  எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, மேலே சாக்கை விரித்தாள்.

“உக்காரு. எனக்கு உதவி வேணும். பெரியவனான தெர்யேயப் பத்தி ஹேகே சொல்லிட்டா. சின்னப்பையனா இருந்தவன எனக்குத் தெரியாது. அவங்கம்மாவும் போய்ச் சேந்துட்டா, உன்ன விட்டா அவனத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. பேச்சுல பாதி இல்லாம நான் எப்படிப் பேசுவேன்?”

அவன் தொப்பியை ஆணியில் மாட்டினான். பிறகு உட்கார்ந்தான்.  கொட்டகைக்கு அடியில் அலை தட்டிக்கொண்டிருந்தது.

“அவனுக்கு ஏழு வயசு,” என்று ஆரம்பித்தான். “வீட்டுல ஜெபக்கூட்டம். கை கழுவ குளியலறைக்குப் போன ஒரு அம்மா அலறிட்டு வெளிய ஓடியாந்தா. போய்ப் பாத்தா, தொட்டி நிறைய தண்ணி, அதுல ஒரு கடல்நாய்க் குட்டி! பாறைல தனியா கெடந்துச்சாம், பாவமாம், தூக்கிட்டு வந்துட்டான். ‘அப்பா, இதுக்கும் சேத்து ஜெபம் பண்ணுங்க’ன்னான். கூட்டமே சிரிக்குது. நான்…” அவன் நிறுத்தினான். “நான் அவன அடிச்சேன் டோருன். அத்தன பேர் முன்னாடி. அப்புறம் ரெண்டு பேருமா அத எடுத்துட்டுப் போய்த் தண்ணில விட்டோம். வழியெல்லாம் அவன் என் கையப் பிடிச்சுட்டே வந்தான். அடிச்ச கைய.”

சிரிப்பில் ஆரம்பித்தது அழுகையில் முடிந்தது. டோருன் துடைக்கும் துணியை நீட்டினாள். எண்ணெய் படிந்த துணி என்று இருவரும் கவனிக்கவில்லை; அவன் கன்னத்தில் கறுப்புக் கோடு விழுந்தது.

“சடங்கு தெர்யேயோடது,” என்றாள் அவள். “அவன் சொன்ன மாதிரிதான் நடக்கும். நடுவுல கொஞ்ச நேரம் எல்லாரும் மௌனமா இருப்போம், அப்ப நீ ஜெபம் பண்ணிக்க, யாரும் தடுக்க முடியாது. அதுக்கப்புறம் அடுத்த அறையில காபி. அது செத்தவனுக்கில்ல, இருக்குறவங்களுக்கு. அங்க உன் பாட்ட பாடு. ஹேகேகிட்ட நான் பேசுறேன்.”

ஹேகே உடனே ஒத்துக்கொள்ளவில்லை. “அவருக்கு நீங்க கொடுத்த வாக்கு?” என்றாள்.

“பாட்டு அவன் சடங்குல வராது. வந்தா நானே நிறுத்துவேன். ஆனா கெழவனும் உங்கூடதான் துக்கத்துல நிக்கிறான் ஹேகே. வாசல்ல நிறுத்தி வெக்கட்டுமா?”

ஹேகே ஜன்னலோரக் கட்டிலின் விரிப்பை மடித்து வைத்தாள். “மாமாவுக்கு நல்ல குரல்னு தெர்யேயே சொல்லுவாரு,” என்றாள் கடைசியில்.

ஊர் மண்டபம் நிரம்பியது. மீன்பண்ணைக்காரர்கள், ஜெபவீட்டார், சங்கத்தார் எல்லோரும் கலந்து உட்கார வேண்டியதாயிற்று. இடம் பார்த்து உட்கார இடமில்லை. டோருன் தெர்யேயை அப்படியே கண்முன் நிறுத்தினாள்: பிடிவாதக்காரன், சீட்டாட்டத்தில் ஏமாற்றுக்காரன், புயலில் அடுத்தவன் வலையைக் காப்பாற்றப் போனவன், கடவுளை நம்பாதவன், அப்பாவை நேசித்தவன். கடல்நாய்க் குட்டியைச் சொன்னபோது மண்டபமே சிரித்தது. அன்று அலறிக்கொண்டு ஓடிய அம்மாள், இப்போது தள்ளாத கிழவி, எழுந்து “ஆமா, நான்தான்!” என்றாள். அடியைப் பற்றி டோருன் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கரைக்கு நடந்ததைச் சொன்னாள். மௌனத்தின்போது சிக்முண்டின் உதடு அசைந்தது.

காபி அறையில் அவன் எழுந்தபோது, பனி வாரும் ஆசிரியர் டோருனிடம் சாய்ந்து கிசுகிசுத்தார். “என்ன டோருன், ஜெபக்கூட்டமா இது?”

“காபி குடிக்கிற எடம். வாஃபிள் ஆறுது, சாப்பிடு.”

சிக்முண்ட் பாடினான். இரண்டாம் அடியில் குரல் உடைந்தது. ஜெபவீட்டார் எடுத்துக்கொடுக்கத் தயங்கினார்கள், தங்கள் இடமில்லையே என்று. ஹேகே எழுந்து போய் மாமனார் பக்கத்தில் நின்றாள். அவள் பாடவில்லை, அவளுக்கு அந்தப் பாட்டே தெரியாது. அவன் தோளில் கையை வைத்துக்கொண்டாள். அவன் தொடர்ந்து பாடி முடித்தான். வாக்குத் தவறினோமா என்று டோருன் ஒரு கணம் தன்னையே கேட்டுப் பார்த்தாள். தவறவில்லை என்று பதில் வந்தது. அவளுக்கு அது போதும்.

இலையுதிர்காலத்தில் ஹேகே வீட்டுக்குக் குளிர்கால விறகு வந்து முற்றத்தில் மலையாகக் கொட்டிக் கிடந்தது. அடுக்கிக் கொடுக்க டோருன் சங்கத்து ஆட்களோடு சனிக்கிழமை காலையில் போனாள். அங்கே பார்த்தால் சிக்முண்டும் ஜெபவீட்டார் ஆறேழு பேரும் ஏற்கெனவே கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கொஞ்சம் தயங்கினார்கள். பிறகு கூரைச் சார்ப்புக்கு அடியில் ஆளுக்கொரு முனையிலிருந்து அடுக்க ஆரம்பித்தார்கள். நடுவில் இரண்டு அடுக்கும் சந்தித்தபோதுதான் சண்டை வந்தது.

“பட்டை மேல பாக்கணும் டோருன்! மழத்தண்ணி வழிஞ்சு ஓடும்.”

“மேல கூரை இருக்கறப்ப எங்கேருந்து மழ? பட்டை கீழதான் வெக்கணும். அப்பத்தான் காயும்.”

“எங்கப்பா காலத்துலேருந்து மேலதான்.”

“அதான் உங்க வீட்டுல எப்பவும் பொகை.”

சங்கத்தார் இருவர் சிக்முண்ட் பக்கம் சேர்ந்தார்கள். ஜெபவீட்டு அம்மாள் ஒருத்தி டோருன் சொல்வதுதான் சரி என்று ஒரே பிடியாய் நின்றாள். ஹேகே வாசலில் வந்து, மீன் உருண்டை வெந்துவிட்டது, வந்து சாப்பிட்டுவிட்டுச் சண்டை போடுங்கள் என்று கூப்பிட்டாள். யாரும் நகரவில்லை. டோருன் ஒரு கட்டையை எடுத்துப் பட்டை கீழே இருக்கும்படி வைத்தாள். சிக்முண்ட் அதை எடுத்துத் திருப்பி வைத்தான்.